கையைத் தூக்கினது யாரு பாஸ்?

"உங்க தொகுதி எம்.எல்.ஏ. யாரு?"

இந்த ஒரே ஒரு கேள்வியை மட்டும் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு போன வாரம் எங்க காலேஜ் கேன்டீனில் டேபிள் டேபிளாகச் சுற்றினேன். (பத்திரிகை இன்டர்ன் என்று சொன்னால் ஓசி டீகூடக் கிடைக்காது என்பது தனி சோகம்!) மெக்கானிக்கல் மச்சான் ஒருத்தன் யோசிக்காமல் பளிச்சென்று பதில் சொன்னான்... கட்சியின் பெயரை. "டேய், ஆளு பேரு கேட்டேன்டா." "அதான் சொல்லிட்டேனே, அந்தக் கட்சி ஆளுதான்." பக்கத்து டேபிள் பொண்ணு ஒருபடி மேலே போய் சின்னத்தைச் சொன்னாள். ஆளின் பெயரைக் கரெக்ட்டாகச் சொன்னவன் ஒரே ஒருத்தன்தான். அவன் சித்தப்பா அவருக்கு போஸ்டர் ஒட்டினவராம்.

'நம்ம பசங்களுக்குப் பொது அறிவு பத்தலை' என்று ஒரு புலம்பல் போட்டு இதை முடித்திருக்கலாம். ஆனால் ரூமுக்கு வந்து யோசித்தால், அவங்க சொன்னதில் பெரிய தப்பே இல்லை. சட்டமன்றத்தில் ஓட்டெடுப்பு நடக்கும்போது மேலே போவது நாம் ஜெயிக்க வைத்த ஆளின் கை. தூக்கு, தூக்காதே என்று சொல்வது கட்சி. அப்படின்னா நாம் ஓட்டுப் போட்டது ஆளுக்கா, கட்சிக்கா? இந்த வாரம் நம்ம 'கடைசி பெஞ்ச்'சில் இதுதான் மேட்டர். நைட் ஷிஃப்ட் முடித்து ஓரகடம் கம்பெனி பஸ்ஸில் தூங்கி வழிகிற அண்ணன்களுக்கும் இதற்கும் சம்பந்தம் இருக்கு. வெயிட் பண்ணுங்க, வர்றேன்.

ஒரு மாசத்துக்குள் நடந்த ரெண்டு சம்பவத்தை முதலில் பார்த்துவிடலாம்.

ஃபர்ஸ்ட் சீன் அமெரிக்கா. 2017 ஜூலை 28, வாஷிங்டனில் நடுராத்திரி ஒன்றரை மணி. ஒபாமா கொண்டுவந்த மருத்துவக் காப்பீட்டுச் சட்டத்தின் முக்கியமான பகுதிகளைத் தூக்கிப் போடுகிற மசோதா மீது செனட் சபையில் ஓட்டெடுப்பு. கொண்டுவந்தது குடியரசுக் கட்சி. ஜனாதிபதி டிரம்ப் அதே கட்சி. 100 பேர் இருக்கிற செனட்டில் 52 பேர் அதே கட்சி. கணக்குப்படி அல்வா மாதிரி பாஸாகியிருக்க வேண்டும். அப்போது ஜான் மெக்கெய்ன் என்கிற 80 வயசுப் பெரியவர் நடந்து வந்தார். 2008-ல் குடியரசுக் கட்சிக்காக ஒபாமாவை எதிர்த்து ஜனாதிபதி தேர்தலில் நின்றவர். மூளையில் புற்றுநோய் என்று தெரிந்து சில நாட்கள்தான் ஆகியிருந்தன. வந்தவர் கையை நீட்டி, கட்டை விரலைக் கீழே காட்டினார். 'நோ!' அவரோடு சேர்த்து சொந்தக் கட்சியில் மூன்று பேர் எதிர்த்துப் போட, 49-க்கு 51 என்று மசோதா அவுட்.

அடுத்து என்ன ஆச்சு? டிரம்ப் ட்விட்டரில் காய்ச்சி எடுத்தார். அவ்வளவுதான். 2018 ஆகஸ்ட்டில் இறக்கும் வரை மெக்கெய்ன் செனட்டராகவே இருந்தார். அதே கட்சியில்!

செகண்ட் சீன் சென்னை. 25 நாள் கழித்து, 2017 ஆகஸ்ட் 22. அ.தி.மு.க.வின் இரண்டு அணிகளும் முந்தின நாள்தான் ஒன்று சேர்ந்திருந்தன. அந்தக் கட்சியின் எம்.எல்.ஏ.க்கள் 19 பேர் கவர்னர் வித்யாசாகர் ராவைப் பார்த்து, 'முதல்வர் எடப்பாடி பழனிசாமிக்குக் கொடுத்த ஆதரவை வாபஸ் வாங்குகிறோம்' என்று ஆளுக்கொரு கடிதம் கொடுத்தார்கள். 'நாங்கள் வேறு கட்சிக்குப் போகவில்லை, முதல்வர்தான் வேண்டாம் என்கிறோம்' என்பது அவர்கள் வாதம். அரசு கொறடா புகார் கொடுத்தார். ஒருத்தர் மட்டும் திரும்பி வந்துவிட்டார். மீதி 18 பேரையும் செப்டம்பர் 18-ம் தேதி சபாநாயகர் தனபால் தகுதிநீக்கம் செய்தார். ஒரே கையெழுத்து, 18 தொகுதி காலி!

கணக்கில் வீக்கான மக்களும் இதை மட்டும் கவனிங்க. அப்போது ஆர்.கே.நகர் காலியாக இருந்ததால் சபையில் 233 பேர். மெஜாரிட்டிக்கு 117 வேண்டும். 18 பேரைக் கழித்தால் 215. இப்போது 108 போதும். அதாவது எதிர்த்தவர்களை வெளியே அனுப்பியதில் எதிர்ப்பு மட்டும் குறையவில்லை, பாஸ் மார்க்கும் குறைந்துவிட்டது. நம்ம இன்டர்னல் எக்ஸாமில் இப்படி ஒரு வசதி இருந்தால் எப்படி இருக்கும்!

சிரிப்பை நிறுத்திவிட்டு மேப்பைப் பாருங்க. அந்த 18-ல் ஒன்று ஸ்ரீபெரும்புதூருக்குப் பக்கத்தில் இருக்கிற பூந்தமல்லி. இன்னொன்று ஓ.எம்.ஆர். பக்கம் திருப்போரூர். வழக்கு ஹைகோர்ட்டுக்குப் போனது. 2018 ஜூனில் ரெண்டு நீதிபதிகள் ரெண்டு விதமாகத் தீர்ப்பு சொன்னார்கள். மூன்றாவது நீதிபதி கேட்டு, அக்டோபர் 25-ம் தேதி 'தகுதிநீக்கம் செல்லும்' என்றார். அப்புறம் 2019 ஏப்ரலில் இடைத்தேர்தல், மே 23-ல் ரிசல்ட். மொத்தம் 20 மாசம். அந்த 20 மாசமும் பூந்தமல்லிக்காரருக்கு ரோடு சரியில்லை, பட்டா வரவில்லை, ஸ்கூலில் வாத்தியார் இல்லை என்றால் சட்டமன்றத்தில் எழுந்து கேட்க அவர் தொகுதிக்கென்று ஒரு ஆள் கிடையாது. சண்டை போட்டது கட்சிக்காரர்கள். பெஞ்ச் மேல் ஏறி நின்றது தொகுதி.

'பாத்தியா, அமெரிக்காவில் எவ்வளவு சுதந்திரம்!' என்று உடனே முடிவு கட்டிவிடாதீங்க. நானும் முதலில் அப்படித்தான் ஒரு பாரா அடித்து வைத்திருந்தேன். சிவில் படிக்கிற ரூம்மேட் படித்துவிட்டு, "லூசு, லோடு பேரிங் சுவரையும் பார்ட்டிஷன் சுவரையும் கம்பேர் பண்றியே" என்றான். நல்ல பாயின்ட்.

அமெரிக்காவில் ஜனாதிபதியைத் தனித் தேர்தலில் 4 வருஷத்துக்கு உட்கார வைத்துவிடுகிறார்கள். அவருடைய மந்திரிகள் எம்.பி.யாக இருக்கவே கூடாது. செனட்டில் அவர் கட்சியின் மசோதா தோற்றால் மசோதா மட்டும்தான் தோற்கும். நாற்காலி ஆடாது. கட்சி அங்கே பார்ட்டிஷன் சுவர். ஒரு செங்கல்லை உருவினால் ஓட்டை விழும், கூரை விழாது. நம்ம சிஸ்டத்தில் முதல்வரோ, பிரதமரோ நிற்பதே சபையின் மெஜாரிட்டி மேல்தான். இங்கே கட்சி தாங்குசுவர். மெக்கெய்ன் உருவியது ஒரு மசோதா. அந்த 19 பேர் கை வைத்தது கூரையில். ரெண்டும் ஒண்ணு இல்லை.

செங்கல் தானாகக் கழன்று ஓடினால் என்ன ஆகும் என்பதற்கும் நம்மிடமே சரித்திரம் இருக்கு. 1967, ஹரியானா. கயா லால் என்று ஒரு எம்.எல்.ஏ. சுயேச்சையாக ஜெயித்தார். ரெண்டே வாரத்தில் மூன்று தடவை கட்சி மாறினார். 'ஆயா ராம், கயா ராம்' (வந்தார் ராம், போனார் ராம்) என்று நாடே சிரித்தது. அவர் ஒருத்தர் மட்டும் இல்லை. அந்த சீசனில் பல மாநிலங்களில் ஆட்சிகள் இப்படித்தான் சரிந்தன. மக்கள் ஒரு சின்னத்தைப் பார்த்து ஓட்டுப் போட, ஜெயித்தவர் மறுநாள் வேறு வண்டியில் ஏறினார். வண்டிக்கு டிக்கெட் வாங்கிக் கொடுத்தது யார் என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை.

இதற்கு மருந்து வர 18 வருஷம் ஆனது. ஸ்ரீபெரும்புதூர் வழியாக காலேஜ் வருகிறவர்கள் ஹைவேயில் ராஜீவ் காந்தி நினைவிடத்தைத் தாண்டித்தான் வரவேண்டும். 1991 மே 21-ம் தேதி அவர் கொல்லப்பட்ட ஊர் என்றுதான் நமக்கு அது தெரியும். கட்சித் தாவல் தடைச் சட்டத்தைக் கொண்டுவந்ததும் அவர் அரசுதான். 1985-ல் 52-வது திருத்தமாக வந்து, அரசியல் சட்டத்தில் 10-வது அட்டவணை ஆனது. இதில் ஒரு காமெடி என்னவென்றால், நம்ம அரசியல் சட்டத்தில் அதுவரைக்கும் 'அரசியல் கட்சி' என்ற வார்த்தையே கிடையாது. 35 வருஷம் கட்சிகள் நாட்டை ஆண்டன, புத்தகத்தில் பெயர் இல்லை. முதல் தடவை பெயர் வந்ததே கையில் சாட்டையோடுதான்!

நிஜமாகவே சாட்டைதான். 'விப்' என்றாலும் சாட்டை, 'கொறடா' என்றாலும் சாட்டை. இங்கிலீஷ்காரர்கள் நரி வேட்டைக்குப் போகும்போது கூட்டத்தை விட்டு ஓடுகிற நாய்களை அடித்து உள்ளே கொண்டுவர ஒரு ஆள் வைத்திருப்பார்கள். அவரிடமிருந்து வந்த பெயர். (மாண்புமிகு உறுப்பினர்கள் மன்னிக்கவும், பெயர் வைத்தது நான் இல்லை!)

சட்டம் சொல்வது இதுதான். கட்சியைத் தானாக விட்டால் பதவி போகும். கொறடா உத்தரவை மீறி ஓட்டுப் போட்டாலோ, போடாமல் நழுவினாலோ, கட்சி 15 நாளுக்குள் மன்னித்து விட்டால் தவிர பதவி போகும். தீர்ப்பு சொல்வது சபாநாயகர். மொத்தமாக மூன்றில் இரண்டு பங்கு பேர் வேறு கட்சியோடு கலந்தால் மட்டும் அது தாவல் இல்லை, 'இணைப்பு'. முன்பு மூன்றில் ஒரு பங்கு உடைந்தாலே தப்பித்துக்கொள்ளலாம் என்று ஒரு சந்து இருந்தது. 2003-ல் 91-வது திருத்தம் அதை அடைத்தது. சில்லறையில் போனால் குற்றம், ஹோல்சேலில் போனால் ஓகே. இந்த லாஜிக் எனக்குப் பிடிபடவே இல்லை.

சபாநாயகர் மேட்டரும் கொஞ்சம் இடிக்கிறது. 2017 பிப்ரவரி 18-ம் தேதி நடந்ததை ரீவைண்ட் பண்ணிப் பாருங்க. கூவத்தூர் ரிசார்ட்டிலிருந்து பஸ்ஸில் வந்து இறங்கி எம்.எல்.ஏ.க்கள் ஓட்டுப் போட்ட அதே நாள். (அப்போது நாமெல்லாம் ஸ்கூல். வாட்ஸ்அப்பில் வந்த ரிசார்ட் மீம்ஸ் மட்டும் எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும்.) 122-க்கு 11 என்று எடப்பாடி ஜெயித்தார். அந்த 11 பேர் ஓ.பன்னீர்செல்வம் அணி. சொந்தக் கட்சி முதல்வருக்கு எதிராக சபையிலேயே ஓட்டுப் போட்டார்கள். அவர்கள் பதவிக்கு ஒன்றும் ஆகவில்லை. கவர்னரிடம் கடிதம் மட்டும் கொடுத்த 18 பேருக்குப் பதவி போனது. 11 பேர் கேஸ் சுப்ரீம் கோர்ட் வரை போய், 2020 பிப்ரவரியில் 'சபாநாயகரே முடிவெடுக்கட்டும்' என்று திரும்பி வந்தது. அதற்கு ஒரு மாசம் முன்னால்தான் மணிப்பூர் கேஸ் ஒன்றில் அதே கோர்ட், 'சபாநாயகரும் ஒரு கட்சியைச் சேர்ந்தவர்தானே, இந்த அதிகாரத்தை ஒரு தனித் தீர்ப்பாயத்திடம் கொடுப்பதைப் பற்றி நாடாளுமன்றம் யோசிக்கலாமே' என்கிற மாதிரி சொல்லியிருந்தது. மேட்ச் ஆடுகிற டீமின் கேப்டனே அம்பயராகவும் நின்றால் எல்.பி.டபிள்யூ. எந்தப் பக்கம் விழும்?

சரி, அமெரிக்காவில் சாட்டையே இல்லையா? இருக்கு. பிடித்திருக்கிற கை வேறு. அங்கேயும் 'விப்' என்ற பதவி உண்டு, ஆனால் அவரால் கெஞ்சலாம், மிரட்டலாம், எண்ணிக்கை எடுக்கலாம். யாருடைய பதவியையும் பறிக்க முடியாது. நம்ம ஊரில் யாருக்கு சீட் என்பதைக் கட்சித் தலைமை முடிவு செய்யும். அங்கே 'ப்ரைமரி' என்று ஒரு தேர்தல் வைத்து, கட்சியின் வேட்பாளர் யார் என்பதை வாக்காளர்களே முடிவு செய்கிறார்கள். கேட்க சூப்பராக இருக்கு இல்லையா? அந்த ப்ரைமரிக்கு வந்து ஓட்டுப் போடுவது கொஞ்சம் பேர்தான். அதிலும் பெரும்பாலும் தீவிரமான ஆதரவாளர்கள். அவர்களுக்குக் கோபம் வந்தால் கதை முடிந்தது.

2021 ஜனவரி 13-ல் டிரம்ப் மீதான பதவி நீக்கத் தீர்மானத்துக்கு ஆதரவாக குடியரசுக் கட்சி எம்.பி.க்கள் 10 பேர் ஓட்டுப் போட்டார்கள். அடுத்த தேர்தலில் 4 பேர் நிற்கவே இல்லை. 4 பேர் ப்ரைமரியில் சொந்தக் கட்சி ஆட்களிடமே தோற்றார்கள். ரெண்டு பேர் மட்டும் தப்பினார்கள். தோற்றவர்களில் ஒருவர் லிஸ் செனி. முன்னாள் துணை ஜனாதிபதியின் மகள், சபையில் கட்சியின் மூன்றாவது பெரிய பதவியில் இருந்தவர். அந்தப் பதவியையும் 2021 மே மாதமே கட்சி பிடுங்கிவிட்டது. ஆனால் ஒரு வித்தியாசம். தோற்ற அந்த 4 பேரும் பதவிக்காலம் முடியும் வரை எம்.பி.யாக உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் தொகுதிகள் ஒரு நாள்கூட இந்தக் காரணத்துக்காகக் காலியாக இருக்கவில்லை. அடி விழுந்தது, விழ வேண்டிய ஆள் மேல் மட்டும் விழுந்தது.

இதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். அமெரிக்க அரசியல் சட்டத்திலும் கட்சி என்ற பேச்சே கிடையாது. முதல் ஜனாதிபதி ஜார்ஜ் வாஷிங்டன் 1796-ல் கொடுத்த விடைபெறும் உரையில், கட்சிச் சண்டை நாட்டைக் கெடுக்கும் என்று எச்சரித்துவிட்டுப் போனார். யாரும் கேட்கவில்லை. 2025-ல் ரெண்டு கட்சியும் முட்டிக்கொண்டதில் பட்ஜெட் பாஸாகாமல் அமெரிக்க அரசு அலுவலகங்கள் அக்டோபர் 1 முதல் 43 நாள் முடங்கின. அங்கே கூரை விழாதுதான். ஆனால் வீட்டுக்குள் கரன்ட் கட்!

அப்போ கட்சியே வேண்டாம் என்று சொல்லிவிடலாமா? அதற்கும் ஒரு லேப் இருக்கு, நம்ம காலடியிலேயே. நான் ரூம் எடுத்திருப்பது வல்லக்கோட்டையில். முருகன் கோயில் ஊர் என்று சொன்னால் சென்னைக்காரர்களுக்குப் புரியும். கிருத்திகை அன்றைக்கு பஸ்ஸில் ஒற்றைக் காலில்தான் நிற்க முடியும். காஞ்சிபுரம் மாவட்டக் கிராமங்களில் 2021 அக்டோபரில் உள்ளாட்சித் தேர்தல் நடந்தது. ஒரு வாக்காளருக்கு நாலு சீட்டு. மாவட்ட கவுன்சிலருக்கு மஞ்சள், ஒன்றிய கவுன்சிலருக்குப் பச்சை. இந்த ரெண்டிலும் கட்சிச் சின்னம் உண்டு. ஊராட்சித் தலைவருக்கு இளஞ்சிவப்பு, வார்டு மெம்பருக்குத் தனிச் சீட்டு. இந்த ரெண்டிலும் கட்சிச் சின்னம் கிடையவே கிடையாது. ஆட்டோ, பூட்டு சாவி மாதிரி பொதுச் சின்னங்கள்தான். ஒரே ஆள், ஒரே நாள், ஒரே பெட்டி. ரெண்டு ஓட்டு கட்சியோடு, ரெண்டு ஓட்டு கட்சி இல்லாமல். தமிழ்நாட்டு கிராம ஊராட்சிகளில் இதுதான் நடைமுறை. பக்கத்துக் கேரளாவில் கிராமப் பஞ்சாயத்துக்கும் கட்சிச் சின்னத்தில்தான் மோதுகிறார்கள்.

கட்சி இல்லாத அந்த ரெண்டு சீட்டில் கட்சி நிஜமாகவே இல்லையா? எங்க ஹவுஸ் ஓனர் தாத்தாவிடம் கேட்டேன். "சின்னம் பூட்டு சாவியா இருந்தா என்ன தம்பி, பூட்டு யாருது, சாவி யாருகிட்டன்னு ஊருக்கே தெரியும்" என்றார். தாத்தா ராக்ஸ்! துண்டின் கலர் மாறாது, வண்டியில் ஒட்டிய படம் மாறாது. ஆனால் அவர் சொன்ன இன்னொன்றையும் எழுதியே ஆகணும். "தலைவரை நடுரோட்ல நிறுத்தி தண்ணி ஏன் வரலைன்னு கேக்கலாம். மேலிடத்துல கேக்கணும்னு அவரு சொல்ல முடியாதுல்ல?" ஊராட்சி மன்றத்துக்குள் கொறடா இல்லை. கையைத் தூக்குகிற வார்டு மெம்பர், பக்கத்துத் தெருவில் குடியிருக்கிற ஆளாகவே கையைத் தூக்குகிறார். என்ன, ரெண்டு ஊருக்குப் பெரிய விஷயம் ஒன்று வேண்டும் என்றால் தனியாகப் போகிற தலைவர் கலெக்டர் ஆபீஸ் வாசலில் காத்திருக்க வேண்டியதுதான். பின்னாடி கட்சி இருக்கிறவர் நேராக உள்ளே போகிறார். இது தாத்தா கணக்கு.

ஓரகடம் பஸ் அண்ணன்கள் பற்றிச் சொல்கிறேன் என்றேனே... வந்தாச்சு. 2023 ஏப்ரல் 21. தமிழ்நாடு சட்டமன்றத்தில் தொழிற்சாலைகள் திருத்த மசோதா. 1948-ம் வருஷச் சட்டத்தின்படி அப்போது ஒரு தொழிலாளிக்கு நாளைக்கு அதிகபட்சம் 9 மணி நேர வேலை, வாரத்துக்கு 48. அந்த விதிகளிலிருந்து தொழிற்சாலைகளுக்கு விலக்கு கொடுக்க அரசுக்கு அதிகாரம் தருகிற மசோதா அது. 'வாரம் 48 மாறாது. 4 நாள் வேலை, 3 நாள் லீவு என்று விரும்புகிறவர்களுக்குத்தான்' என்று அரசு விளக்கியது. நாளைக்கு 12 மணி நேரம் என்பதுதான் அதன் அர்த்தம். போக வர பஸ்ஸில் மூன்று மணி நேரம் போகிற ஒரு ஓரகடம் ஆபரேட்டரிடம் இதைச் சொல்லிப் பாருங்க. விருப்பம் என்ற வார்த்தைக்கு கம்பெனி கேட்டுக்குள் என்ன அர்த்தம் என்று அவர் பாடம் எடுப்பார்.

மசோதா குரல் வாக்கெடுப்பில் பாஸானது. 'ஆம் என்போர் ஆம் என்க' டைப். யார் வாய் திறந்தார், யார் திறக்கவில்லை என்று பெயர் வாரியாகக் கணக்கு கிடையாது. அமெரிக்க செனட்டில் என்றால் மெக்கெய்னின் கட்டை விரல் உள்பட எல்லாம் பெயரோடு ரெக்கார்டில் இருக்கும். இங்கே ஒரு தொழிற்பேட்டைத் தொகுதியின் ஆளுங்கட்சி எம்.எல்.ஏ.வுக்கு மனசுக்குள் உறுத்தியிருந்தால்கூட, அது வெளியே தெரிய வழியே இல்லை. கொறடா உத்தரவை மீறினால் பதவி போகும் என்று இருக்கும்போது எவர்தான் எழுந்து நிற்பார்?

ஆனால் மசோதாவை நிறுத்தியதும் கட்சிகள்தான். தி.மு.க.வோடு கூட்டணியில் இருந்த காங்கிரஸ், இரண்டு கம்யூனிஸ்ட் கட்சிகள், விடுதலைச் சிறுத்தைகள் எல்லாம் எதிர்த்து வெளிநடப்பு செய்தன. எங்க ஸ்ரீபெரும்புதூர் 2021-ல் காங்கிரஸ் ஜெயித்த தொகுதி. அதனால் எங்க ஏரியா உறுப்பினரால் கூட்டணியில் இருந்துகொண்டே எதிர்க்கிற பக்கம் நிற்க முடிந்தது. பக்கத்தில் தி.மு.க. ஜெயித்த தொகுதி உறுப்பினருக்கு அந்த வழி இல்லை. வெளியே தொழிற்சங்கங்கள் ஸ்ட்ரைக் நோட்டீஸ் எழுத ஆரம்பித்தன. தி.மு.க.வின் சொந்தத் தொழிற்சங்கமான தொ.மு.ச.வே எதிர்த்தது. மூன்றே நாளில், ஏப்ரல் 24-ல் மசோதா நிறுத்தி வைக்கப்பட்டது. மே 1, உழைப்பாளர் தினத்தன்று 'வாபஸ்' என்று முதல்வர் ஸ்டாலின் அறிவித்தார். ஒரு எம்.எல்.ஏ. தனியாகக் கையைத் தூக்கியிருந்தால் அவர் பதவி மட்டும்தான் போயிருக்கும். கட்சி கட்சியாகக் கை தூக்கியதால் மசோதா போனது. கட்சிகளைத் திட்டுகிற மூடில் இருக்கும்போதெல்லாம் எனக்கு இது வந்து குறுக்கே நிற்கிறது.

அதனால் என் கட்சி (ஹி..ஹி..) இதுதான்: சாட்டை இருக்கட்டும், எல்லாவற்றுக்கும் வேண்டாம். கூரையைத் தாங்குகிற ஓட்டு எது, தாங்காத ஓட்டு எது என்று பிரித்துவிட வேண்டும். நம்பிக்கை ஓட்டெடுப்பு, பட்ஜெட், பணம் சம்பந்தப்பட்ட மசோதா, இதற்கெல்லாம் கொறடா சொல்வதுதான் சட்டம். இல்லாவிட்டால் மறுபடியும் ஆயா ராம் பஸ் ஸ்டாண்டில் வந்து நிற்பார். வேலை நேரம், கல்வி, சுற்றுச்சூழல் மாதிரி மசோதாக்களில் உறுப்பினர் தன் தொகுதியைப் பார்த்துக் கை தூக்கட்டும். தோற்றால் மசோதா தோற்கட்டும், ஆட்சி இருக்கட்டும். கூடவே யார் தூக்கினார்கள் என்பதைப் பெயரோடு எழுதி வைக்கட்டும். கூட்டணியும் இல்லாமல், எதிர்க்கட்சியும் பலமில்லாமல் ஒரே கட்சி சபையை நிரப்புகிற வருஷம் வந்தால், 12 மணி நேர மசோதாவுக்கு 'இல்லை' சொல்ல உள்ளே ஒரு குரலாவது சட்டப்படி மிச்சம் இருக்க வேண்டாமா?

இது என் மண்டையில் புதுசாக உதித்த ஐடியா இல்லை. 1990-லேயே தினேஷ் கோஸ்வாமி கமிட்டி, கொறடாவை மீறினால் பதவி போகும் என்பதை நம்பிக்கை ஓட்டெடுப்போடு நிறுத்திக்கொள்ளச் சொன்னது. காங்கிரஸ் எம்.பி. மனீஷ் திவாரி இதே மாதிரி ஒரு தனிநபர் மசோதாவை 2010-ல் லோக்சபாவில் கொண்டுவந்தார். 2025 டிசம்பரில் மறுபடியும் கொண்டுவந்தார். ஆட்சி, பணம் சம்பந்தப்பட்ட ஓட்டுகள் தவிர மற்றதிலெல்லாம் உறுப்பினரை விட்டுவிடுங்கள் என்பதுதான் அதன் சாரம்.

தனிநபர் மசோதா என்றால் மந்திரியாக இல்லாத உறுப்பினர் தன் சொந்தப் பொறுப்பில் கொண்டுவருவது. நம்ம நாடாளுமன்றத்தில் அப்படி ஒரு மசோதா ரெண்டு சபையிலும் பாஸாகி சட்டமானது கடைசியாக 1970-ல். அதற்கப்புறம் இதுவரை ஒன்றுகூட இல்லை.

(அடுத்த வாரம்: அரியர் வைத்தவர்களின் கேம்பஸ் இன்டர்வியூ கஷ்டங்கள். மேட்டர் இருக்கிறவர்கள் ஒரு கார்டு போடுங்க, பேரைப் போட மாட்டேன், ப்ராமிஸ்!)